ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இவ்விழாவிலே கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, ஒரு நிபந்தனையின் பேரிலேயே நாம் சம்மதித்தோம். கல்வியின் சிறப்பு, கல்லாமையின் இழிவு என்பன பற்றிப் பேசமாட்டோம் என்பதே அந்நிபந்தனை. அவற்றை இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறீர்கள். எம்மிலும் நன்றாக அவற்றைப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கின்றார்கள். நாம் எடுத்துக்கொண்டது சிறிய விஷயம். ஓர் அறை, ஓர் ஆசிரியர், எதிரே இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள், சில இடங்களில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுமே. இவர்கள் எல்லோரையும் ஒரே வேளையில் வைத்துப் படிப்பிப்பது எப்படி? கல்விப் பகுதியார் இதனைப் பல்தர வகுப்பு என்பர். ஊரிலே இதற்குத் தனிப்பெயர் கிடையாது. "அந்தப் பள்ளிக்கூடத்திலே வாத்திமார் இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

விஷயம் சிறிதென்றோமே தவிர, அதனால் தொடப்படும் பிள்ளைகளின் தொகை சிறிதன்று. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழ 1,500 பாடசாலைகளில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லை. வன்னியின் காட்டோரக் கிராமங்கள், மலையகத்துத் தோட்டங்கள், சனம் பெயர்ந்துபோன தீவுப் பகுதிகள் ஆகியவற்றில் இவற்றை நிறையக் காணலாம். ஐம்பது பிள்ளைகளை ஐந்து வகுப்புக்கும் பிரித்தால் வகுப்புக்குப் பத்துப் பேர். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியரை எந்த அரசும் எளிதில் கொடாது. கொடுத்தாலும், கொடுக்கப்பட்டவர் அங்கே நெடுநாள் நில்லார். ஆகவே வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் படிப்பிப்பது அவ்விடங்களில் ஒரு நாட் சங்கடமன்று, என்றுமுள்ள நிலை.

மண்டபத்தின் வாசலிலே இம்மன்றத்து இளைஞர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்டார்: "மாஸ்ரர், பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் எதற்கு? மூடிவிட்டு, ஒரு வான் பிடித்து ரவுணுக்கு அனுப்பலாமே?" கேள்வி நியாயமானது. ரவுண் பள்ளியிலே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார்; விளையாட்டுத் திடல் இருக்கும்; நூலகம் இருக்கும். ஆயின் அந்த வானுக்கு யார் காசு கொடுப்பது? கூலி வேலைக்கு விடிய முன்னரே போகும் தாய், ஆறு வயதுப் பிள்ளையை எந்தச் சந்தியில் யார் கையில் விட்டுப் போவாள்? மாரிகாலத்தில் வான்காரர் வர மறுக்கும் தெருக்கள் உண்டு. யானை நிற்கும் தெருக்களும் உண்டு. இந்தக் கஷ்டங்களையெல்லாம் தாண்டிப் பிள்ளையை அனுப்பக்கூடிய தாய் தந்தையர் முன்னரே அனுப்பிவிட்டார்கள். எஞ்சியிருக்கும் பதினைந்து பிள்ளைகளும் அனுப்ப முடியாதவர்களின் பிள்ளைகள். அந்தப் பள்ளியை மூடினால் அவர்களிற் சிலர் ரவுணுக்குப் போவார்கள். சிலர் எங்கும் போகமாட்டார்கள்.

இதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். ஆனால் நாம் அவருக்குப் பாதி விடையையே சொன்னோம். மற்றப் பாதி எமக்குச் சாதகமானதன்று. அதைச் சொல்லவே மேடைக்கு வந்தோம். பள்ளி திறந்திருக்கிறது, மணி அடிக்கிறது, இடாப்புக் கூப்பிடுகிறார்கள். ஆனால் பிள்ளை உள்ளே ஒன்றும் படிக்கவில்லை என்றால், அப்பள்ளியைத் திறந்து வைத்திருப்பதற்கு எமக்கு என்ன நியாயம் உண்டு? அப்படியொரு வகுப்பை நாமே நடத்தியிருக்கிறோம்.

எமது முதலாவது நியமனம் காட்டோரத்து ஊரொன்றிலே. இருபத்துமூன்று பிள்ளைகள்: முதலாம் வகுப்பில் நால்வர், இரண்டில் அறுவர், மூன்றில் மூவர், நான்கில் ஐவர், ஐந்தில் ஐவர். பெயருக்கு மூன்று ஆசிரியர்கள். அவர்களுள் ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறையில் இருந்தார். அதிபர் வாரத்தில் இரண்டு நாள் கந்தோர் அலுவலாகப் போவார். அவர் நின்ற நாட்களிலும் பாதிப்பொழுது கணக்கு, கடிதம், மதிய உணவு என்று போய்விடும். ஆகப் பெரும்பாலும் ஐந்து வகுப்பும் எம் தலையிலே. ஆசிரிய பயிற்சியில் எமக்குச் சொல்லித் தந்ததோ ஒரு வகுப்புக்கு, ஒரு பாடத்துக்கு, நாற்பது நிமிடத்துக்குக் குறிப்பெழுதும் முறை. அக்குறிப்பை ஐந்து பிரதி எழுதினோம். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு இருபது பாடக்குறிப்பு எழுதினோம் என்றால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் வாரத்தில் விட்டுவிட்டோம்.

பிறகு செய்தது எல்லோரும் செய்வதே. ஐந்தாம் வகுப்புக்குப் புலமைப்பரிசிற் பரீட்சை இருக்கிறது. தாய் தந்தையர் அதையே கேட்பார்கள். மேலதிகாரிகளும் அதையே கேட்பார்கள். எனவே ஐந்தாம் வகுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டோம். மற்ற வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "பார்த்து எழுதுங்கள்" என்றோம். எழுதி முடித்தவர்களுக்கு, "இன்னொரு முறை எழுதுங்கள்." வகுப்பு அமைதியாக இருந்தது. பார்வையிட வந்த ஒருவர், "ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்கா!" என்று மெச்சினார். எமக்கும் பெருமையாகவே இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். முத்துக் கோத்தாற்போல எழுதுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவளுடைய கொப்பியையே எடுத்துக் காட்டுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிலே நின்றோம். அந்தப் பிள்ளையும் தாயும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நின்றார்கள். தாய்க்கு எழுத்துத் தெரியாது. பஸ் ஒன்று வளைவிலே தெரிந்ததும், "பிள்ளை, எந்த ஊர் பஸ் என்று வாசி" என்றார். பிள்ளை பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பின்னர் எம்மைப் பார்த்தாள். பின்னர் நிலத்தைப் பார்த்தாள். பலகையில் இருந்தது 'வவுனியா' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லை அவள் தன் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். எழுதினாள், வாசித்தாள் அல்லள். கோலம் போடும் பிள்ளை இழையைப் பார்த்து இழை இழுப்பதுபோல, கரும்பலகையிலிருந்த வடிவத்தைப் பார்த்துக் கொப்பியில் இழுத்திருக்கிறாள். ஏழு மாதம் எமது கண்முன்னே இருந்த பிள்ளை. தாய் எம்மை ஒன்றும் கேட்கவில்லை. "கூச்சப்படுகிறாள், மாஸ்ரர்" என்று அவரே எமக்காகச் சமாதானம் சொன்னார்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் மனத்திற் போட்டுப் பாருங்கள். இடைவேளை போகப் பள்ளியில் படிப்புக்கு உள்ளது ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். அதாவது 300 நிமிடம். ஐந்து வகுப்புக்கும் ஓர ஓட்டமின்றிச் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு வகுப்புக்கு 60 நிமிடமே கிடைக்கும். மிகுந்த 240 நிமிடமும் ஆசிரியரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். நாம் இவ்வளவு காலமும் அந்த 60 நிமிடத்தை எப்படித் திறமையாக நடத்துவது என்றே மூளையைக் கசக்கினோம். ஆசிரிய பயிற்சியும் அதற்கே. மற்ற நான்கு மணித்தியாலமும் பிள்ளை என்ன செய்கிறது என்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. பல்தர வகுப்பிலே ஆசிரியரின் திறமை அவர் பேசும்போது தெரிவதன்று. அவர் முதுகு காட்டி நிற்கும்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதிலேயே அது தெரியும்.

ஈண்டு பெரியோர்களுக்குப் பழைய கதையொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு வகுப்புக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒத்த வயதுப் பிள்ளைகள் என்ற ஒழுங்கு ஏதோ ஆதிகாலந்தொட்டு வருவதென்று நினைக்கிறோம். அப்படியன்று. எமது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பென்பதே இல்லை. ஒருவன் மணலில் அரிவரி எழுதுவான்; பக்கத்தில் இருப்பவன் ஆத்திசூடி சொல்லுவான்; வேறொருவன் நிகண்டு மனனம் செய்வான்; இன்னொருவன் எண்சுவடியில் நிற்பான். உபாத்தியாயர் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுப் பாடங் கேட்பார். முந்தியவன் பிந்தியவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனைத் தமிழகத்தில் சட்டாம்பிள்ளை என்றனர். (யாழ்ப்பாணத்திலோ ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்தோம். சொல்லும் பதவி உயர்வு பெறுவதுண்டு போலும்!) ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கி, பின்னர் பாலபாடங்களை ஒன்று, இரண்டு என்று படிப்படியாக அமைத்தபோதும், படியாக நின்றது புத்தகம், அறையன்று.

அந்தத் திண்ணையைப் புகழ்ந்து பாடுவதற்கு நாம் வரவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. பெண்பிள்ளைகள் அரிதாகவே இருந்தனர். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் ஏற இடமிருக்கவில்லை. ஆனால், பல படியில் நிற்கும் பிள்ளைகளை ஒருங்கே வைத்து நடத்தும் வித்தை அங்கே இருந்தது. அதை முதலிற் கண்டுகொண்டவர் வெள்ளைக்காரர் ஒருவர் என்பதே வேடிக்கை.

ஸ்கொத்லாந்து தேசத்துப் பாதிரியார் அன்றூ பெல் என்பவர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில், சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஒருநாள் வழியிலே ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தனர். விடுதிக்குத் திரும்பியதும் தமது ஆசிரியர்களை அவ்வாறு செய்யச் சொன்னார். அவர்கள் உடன்படவில்லை. (ஆசிரியர்கள் எக்காலத்திலும் ஆசிரியர்களே.) அதன்பேரில் எட்டு வயதுச் சிப்பாய் மகன் ஒருவனைப் பிடித்து, சிறிய பிள்ளைகளுக்கு மணலில் எழுதப் பழக்கும்படி விட்டார். அவன் செய்து காட்டினான். பெல் 1796இல் ஊர் திரும்பி, 1797இல் இதனை ஒரு நூலாக வெளியிட்டார். யோசப் லங்காஸ்ரர் என்பவரும் இலண்டனில் இதையொத்த முறையில் பள்ளி நடத்தினார். 1811இற்குப் பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே படித்தார்கள். ஸ்கொத்லாந்திலே சென்ற் அன்றூஸ் நகரில் பெல்லின் பணத்தால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஆயினும் அந்த முறை அங்கே நிலைக்கவில்லை. திண்ணையில் பத்திருபது பேருக்கு இருந்ததை அவர்கள் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவருக்கு இழுத்தார்கள். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவன் திருப்பிச் சொல்ல, பள்ளி ஓர் ஆலைபோல் ஆயிற்று. பின்னர் 1862இல் இங்கிலாந்தில் புதிய விதி வந்தது. பிள்ளைகளை ஆறு படிகளாக வகுத்து, ஆண்டுதோறும் பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதித்து, தேறியவர்களின் தொகைக்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம் கொடுப்பது என்பது அவ்விதி. அந்த வழக்கம் எமது நாட்டு உதவிநன்கொடைப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வகுப்பென்பது கல்லிலே கட்டிய சுவர் போலாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தில் நின்றால் அது குற்றம். நான்காம் வகுப்புப் பாடத்துக்குத் தாவினாலும் அது ஒழுங்கீனம்.

மலையகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1907ஆம் ஆண்டின் சட்டமும் பின்னர் 1920ஆம் ஆண்டின் சட்டமும் தோட்டத்துரைமார் தங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கவேண்டுமென்று விதித்தன. வைத்த பள்ளிகளிற் பல ஓர் அறை, ஓர் ஆசிரியர். 1970களின் பிற்பகுதியில் அரசு அவற்றைப் பெரும்பாலும் பொறுப்பேற்கும்வரை இந்நிலையே நீடித்தது. அந்த ஒற்றை ஆசிரியர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களின் கையில் எழுத்தறிந்து, பின்னர் தாமே ஆசிரியர்களாகி வந்தவர்களிடம் கேட்டால் மட்டும் தெரியவரும்.

நிற்க. வேறு தேசத்தார் இதற்கு என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். தென்னமெரிக்காவிலே கொலம்பியா என்றொரு நாடு. மலைநாடு, கோப்பித் தோட்டங்கள் நிறைந்தது, எமது மலையகத்தை நினைவூட்டும். 1970களின் நடுப்பகுதியில் விக்கி கோல்பேர்ட் என்ற அம்மையாரும் ஒஸ்கார் மொகொல்யோன் என்ற கிராமத்து ஆசிரியரும் வேறு சிலரும் சேர்ந்து 'புதிய பள்ளி' என்ற முறையை வகுத்தார்கள். பிள்ளை தானே வாசித்து, தானே செய்து, தோழனோடு பேசிப் பார்த்து முன்செல்லத்தக்க வழிகாட்டி ஏடுகளை அச்சிட்டார்கள். கோப்பி பறிக்கும் காலத்தில் பிள்ளை தாயோடு தோட்டத்துக்குப் போய்விட்டால் பெயிலாவதில்லை. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 1980களில் அரசே அதை நாட்டுக் கிராமப் பள்ளிகளுக்கான முறையாக ஏற்றது. 1997இல் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் யுனெஸ்கோ நடத்திய சோதனையில், பெருநகரங்களை விட்டுப் பார்த்தால், கிராமப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளை முந்திய நாடு கொலம்பியா என்று கண்டார்கள். சிறிய பள்ளி என்பதனால் மட்டும் பிள்ளை பின்தங்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமா?

அண்மையிலும் ஒன்றுண்டு. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி பள்ளத்தாக்கில், பத்மநாப ராவ், ராமா என்னும் தம்பதியர் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை வைத்தார்கள். பாடநூலைப் பிரித்து நூற்றுக்கணக்கான அட்டைகளாக்கினார்கள். சுவரிலே ஓர் ஏணிப்படம். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. அட்டையின் மூலையில் ஒரு சிறு படம். பிள்ளை காலையில் வந்ததும் ஏணியைப் பார்த்துத் தன் படியை அறிந்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு போய் உட்காரும். சில அட்டைகளை ஆசிரியரோடு செய்யவேண்டும்; சிலவற்றைத் தோழரோடு; சிலவற்றைத் தனியே. இதைக் கண்டு 2003இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் தொடங்கிற்று. 2007இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதற்கும் சென்றது. சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசினார்கள். ஆசிரியர் பாயிலே பிள்ளைகளோடு அமர்ந்தார். தாய் தந்தையர் முறைப்பட்டார்கள். பிள்ளை பாடநூலைத் தொடுவதில்லை என்றார்கள். ஆசிரியர்களும் பதிவேடு எழுதிக் களைத்தார்கள். அது பலமுறை மாற்றப்பட்டு, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற வேறொரு திட்டம் வந்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் படியைப் பார்த்தே பிரிக்கிறார்கள். பெயர் மாறினும் நினைப்பு அதுவே.

இவற்றையெல்லாம் அன்று நாம் அறிந்திருக்கவில்லை, பிற்காலத்தில் வாசித்தவை. பஸ் தரிப்பிலிருந்து வந்த பிறகு எம்மாலியன்றதைத் தட்டுத் தடுமாறிச் செய்தோம்.

முதலில், எல்லோருக்கும் பொதுவாக வைக்கக்கூடியதைப் பொதுவாக வைத்தோம். காலையில் இருபத்துமூவருக்கும் ஒரே கதை. கதை முடிந்ததும் முதலாம் வகுப்பு அதைப் படமாகக் கீறும்; இரண்டாம் வகுப்பு படத்துக்குப் பெயர் எழுதும்; மூன்றும் நான்கும் கதையைத் தம் சொல்லில் எழுதும்; ஐந்து அதன் முடிவை மாற்றி எழுதும். கணக்குக்கு ஒரு கடை போட்டோம். வெறும் பிஸ்கற் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, புளியங்கொட்டை, கடதாசிக் காசு. சின்னவர்கள் புளியங்கொட்டையை எண்ணிப் பொட்டலம் கட்டுவார்கள். இரண்டாம் வகுப்பார் வாங்கியவற்றின் விலையைக் கூட்டுவார்கள். மூன்றாம் வகுப்பு மிச்சக் காசு கொடுக்கும். நான்காம் வகுப்பு, கிலோ இவ்வளவென்றால் இருநூற்றைம்பது கிராம் எவ்வளவு என்று பார்க்கும். ஐந்தாம் வகுப்பு மாலையில் கணக்கை முடிக்கும். கடையில் கடனும் கொடுத்தோம். கடன் கொப்பியைப் பார்த்து, "எங்கள் ஊர்க் கடைதான்!" என்று ஒரு தகப்பனார் சிரித்தார்.

ஆனால் எல்லாவற்றையும் பொதுவாக்க முடியாது. கழித்தல் தெரியாதவனுக்கு வகுத்தல் ஏறாது. அவற்றுக்கு அட்டைகள் எழுதினோம். முதல் எழுதிய அட்டைகள் பயன்படவில்லை. ஏனெனில் ஒவ்வொரு பிள்ளையும் அட்டையைக் கொண்டு எம்மிடமே வந்து, "மாஸ்ரர், இது என்ன செய்வது?" என்று கேட்டது. இருந்த 60 நிமிடமும் அதிலே போயிற்று. பிழையிலிருந்து மூன்று பாடம் கற்றோம். ஆசிரியர் முகம் திரும்பியிருக்கும்போது கொடுக்கும் வேலையைப் பிள்ளை எவரையும் கேளாமல் தொடங்கக்கூடியதாய் இருக்கவேண்டும். செய்தது சரியோ பிழையோ என்று தானே பார்க்கக்கூடியதாய் இருக்கவேண்டும், ஆகவே விடையை அட்டையின் பின்புறத்தில் எழுதினோம். முடித்ததும் அடுத்து எதை எடுப்பதென்று அட்டையே சொல்லவேண்டும். இந்த மூன்றும் இல்லாத வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்த்தெழுதுதலுக்கு அண்ணன் தம்பியே. பின்புறத்து விடையைப் பார்த்து எழுதிவிடமாட்டார்களா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். முதல் வாரம் எழுதினார்கள். எவரும் அடிக்கவில்லை, எவரும் புள்ளி போடவில்லை என்று கண்டதும் விட்டுவிட்டார்கள். களவெடுப்பதற்கும் ஏதேனும் இலாபம் இருக்கவேண்டுமல்லவா?

வாங்குகளை வரிசையிலிருந்து கிளப்பி நான்கு மூலைக்கும் இழுத்தோம். முற்றத்து மாமரத்தடியில் குருமணல் பரப்பி முதலாம் வகுப்பை அங்கே எழுத விட்டோம். பெல் பாதிரியாருக்கு நன்றி சொல்ல அப்போது தெரியாது. பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வைத்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். நாம் அவளை நாள் முழுவதும் முதலாம் வகுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் அவள், "மாஸ்ரர், எனக்கு எப்ப படிப்பிப்பியள்?" என்றாள். அதன்பின், எந்தப் பிள்ளையும் நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் சட்டாம்பிள்ளையாக இருத்தலாகாது என்று வைத்துக்கொண்டோம். சம்பளமில்லாத ஆசிரியர்களைப் பிள்ளைகளிலிருந்து எடுப்பது சுலபம். பெண்பிள்ளைகளிலிருந்து எடுப்பது அதனிலும் சுலபம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கொப்பி அழகாக எழுதிய அந்தப் பிள்ளை அடுத்த தவணை முடிவில் முதலாம் வகுப்புப் புத்தகத்தைத் தட்டுத் தடங்கலின்றி வாசித்தாள். நான்காம் வகுப்பின் நடுப்பகுதியில் தன் வகுப்புப் புத்தகத்தை எட்டிப் பிடித்தாள். அவளுடைய எழுத்து முன்போல் அழகாக இல்லை. அவசரமாக எழுதத் தொடங்கிவிட்டாள். சொல்வதற்கு ஏதோ இருந்தது போலும். வகுப்பிலே சத்தம் கூடிற்று. அமைதியை மெச்சியவர் மறுபடி வந்தபோது முகத்தைச் சுளித்தார். அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. முந்திய ஆண்டு ஒருவன் தாண்டியிருந்தான். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்து ரவுண் பள்ளியில் சேர்த்தன. அவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் இடாப்பில் இருபத்தொன்று என்று எழுதியபோது கை நடுங்கிற்று. இன்னும் இருவர் போனால், இன்னும் நால்வர் போனால், மூடுங்கள் என்ற கடிதம் வந்துவிடும். நாம் செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறோம். எனினும் அந்த ஐவருள் ஒருவனுக்காவது புலமைப்பரிசில் கிடைத்திருக்குமோ என்ற நினைவு எம்மை விட்டு முற்றாகப் போனதில்லை.

1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்தது. ஒன்றும் இரண்டும் வகுப்பு ஒரு நிலை. மூன்றும் நான்கும் ஒரு நிலை. ஐந்து தனி நிலை. ஒவ்வொரு நிலை முடிவிலும் பிள்ளை கட்டாயம் அடைந்திருக்கவேண்டிய தேர்ச்சிகளையும் குறித்தார்கள். இதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் சிற்றூர் ஆசிரியரின் ஐந்து வகுப்பு மூன்றாகச் சுருங்கும். ஆனால் அவர் கையில் கிடைக்கும் ஆசிரியர் வழிகாட்டியோ இன்றும் வகுப்புக்கு ஒன்று. பார்வையிட வருபவரும் வகுப்புக்கு ஒன்றாகவே குறிப்புக் கேட்பார். பல்தர வகுப்பைப் பற்றி மகரகமவிலே பயிற்சிகள் நடந்திருக்கின்றன, கைந்நூல்களும் வந்திருக்கின்றன. ஆயினும் ரவுண் பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கும் காட்டோரத்துக்குப் போகும் ஆசிரியருக்கும் ஒரே பயிற்சி என்ற நிலை முற்றாக மாறவில்லை. அனுபவமில்லாத இளம் ஆசிரியரையே முதல் நியமனமாகக் கஷ்டப் பிரதேசத்துக்கு அனுப்புகிறோம். உள்ளவற்றுட் கடினமான வேலையை, உள்ளவர்களுட் புதியவருக்கே கொடுக்கிறோம். அவர் பழகி வரும்போது மாற்றம் வந்துவிடும்.

பெரியோர்கள் சிலர் எம்மிடம், இம்மன்றம் இவ்வாண்டு ஐந்தாம் வகுப்புக்கு இலவசப் பரீட்சை வகுப்பு நடத்தினால் என்ன என்று கேட்டார்கள். நடத்தலாம், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளைகளை எல்லோரும் கவனிக்கிறார்கள். முதலாம் இரண்டாம் வகுப்பிலே, ஆசிரியர் முதுகு காட்டி நிற்கும் நான்கு மணித்தியாலத்திலே, பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எவரும் கவனிப்பதில்லை. இம்மன்றத்தில் நல்ல கையெழுத்துடைய இளைஞர்கள் இருக்கிறார்கள். படம் கீறத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டி செய்யத் தெரிந்த தச்சுத் தொழிலாளர் மூவர் இருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார்.

மண்டபத்தின் பின்புறத்து மேசையில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். எமது வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய அட்டைகள் அதற்குள்ளே. சில கறையான் அரித்தவை, மன்னிக்கவேண்டும். வாசிப்புக்குரியவை ஒருவாறு முழுமையாக இருக்கின்றன. கழித்தல் வரிசையில் இருபத்தாறாம் அட்டைக்குப் பிறகு ஒன்றுமில்லை. தொலைந்தன பாதி, எழுதாதவை பாதி. இப்பகுதியில் ஐம்பதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய பள்ளிகள் நான்கு உண்டு. நான்கிலும் அதிபர்களோடு பேசியாயிற்று. வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கு பெட்டி வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மன்ற அறையில் இருப்போம். கத்தரிக்கோல் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். வெற்று அட்டைக்கு, வீட்டிலிருக்கும் பழைய கலண்டர் மட்டைகள் போதும்.